இரண்டு மிருதுக் கொத்துகள்: வாசகர் கேள்வி பதில்

வட இஸ்ரேலில், கலிலேயா மலைமேல் இருக்கும் சஃபேத் நகரில் ஒரு முதியவரைப் பத்து வருஷம் உடனிருந்து பார்த்துக்கொண்டதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். மொராக்கோவில் பிறந்து, சஃபேத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அவரைச் சபா என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. சாயங்காலம் கால் பிடித்துவிடும்போது அவர் சொன்ன யூத ஞானியர் கதைகளை அந்தக் கட்டுரையில் ஒரு வரி, இரண்டு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். விளக்கமாகச் சொல்லுங்கள் என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

குகைக்குள் கழுத்தளவு மணலில் உட்கார்ந்து படித்த ரபி என்று எழுதியிருந்தீர்கள். யார் அவர்? எதற்காக மணல்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

அவர் பெயர் ஷிமோன் பார் யோஹாய். ரபி என்றால் யூத வேத ஆசிரியர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ரோமர் ஆட்சிக் காலம். இந்தக் கதை தல்முத்தில் இருக்கிறது. தல்முத் என்றால் பல தலைமுறை ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூல்.

மூன்று ரபிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். யெகுதா சொல்கிறார்: "இந்த ரோமர்கள் எவ்வளவு நல்லது செய்திருக்கிறார்கள்! சந்தை கட்டினார்கள், பாலம் கட்டினார்கள், குளியல் மண்டபம் கட்டினார்கள்." யோசே வாயே திறக்கவில்லை. ஷிமோனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் அவர்களுக்காகக் கட்டிக்கொண்டது. சந்தை வேசிகளை உட்காரவைக்க, மண்டபம் தங்கள் உடம்பைச் சுகப்படுத்த, பாலம் சுங்கம் வாங்க" என்கிறார். பேச்சு அரசாங்கத்தின் காதுக்குப் போய்விடுகிறது. புகழ்ந்தவருக்குப் பதவி உயர்வு. பேசாதவர் ஊரைவிட்டுப் போக வேண்டும். பழித்தவருக்கு மரண தண்டனை.

ஷிமோனும் மகன் எலெயாசாரும் முதலில் பாடசாலையில் ஒளிந்திருந்தார்கள். ஷிமோனின் மனைவி தினமும் ரொட்டியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தாள். தேடுதல் கடுமையாகவும், அவளைப் பிடித்து வதைத்தால் தாங்கமாட்டாள் என்று பயந்து குகைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்காக ஒரு ஊற்றும் ஒரு ஹரூவ் மரமும் உண்டாயிற்று. அந்த மரத்தின் காய் புளியங்காய் போல நீளமாக, கறுப்பாக இருக்கும். மென்றால் கருப்பட்டி இனிப்பு. சபாவின் கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும்.

மணல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். துணி கிழிந்துவிடக் கூடாதே, அதற்குத்தான். இருப்பது ஒரே உடுப்பு. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துவரை மணலில் மூடிக்கொண்டு நாள் முழுக்கப் படிப்பார்கள். ஜெப நேரம் வந்தால் எழுந்து உடுத்திக்கொண்டு ஜெபித்துவிட்டு, மறுபடி கழற்றி வைத்துவிட்டு மணலுக்குள் போவார்கள். இப்படிப் பன்னிரண்டு வருஷம். பிறகு எலியா தீர்க்கதரிசி குகை வாசலில் வந்து நின்று, "ராயன் செத்தான், தண்டனை ரத்தாயிற்று என்று பார் யோஹாயிடம் யார் சொல்வது?" என்று குரல் கொடுக்கிறார்.

வெளியே வந்தவர்கள் முதலில் பார்த்தது, ஒருவன் உழுது விதைத்துக்கொண்டிருப்பதை. "நித்திய வாழ்வை விட்டுவிட்டு இந்த அற்ப வாழ்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே" என்று அவர்களுக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கண் பட்ட இடமெல்லாம் எரிந்துபோகிறது. அப்போது வானத்திலிருந்து ஒரு குரல்: "என் உலகத்தை அழிக்கவா வெளியே வந்தீர்கள்? குகைக்கே திரும்பிப் போங்கள்!" இன்னும் பன்னிரண்டு மாதம் உள்ளே இருந்தார்கள். ஆக மொத்தம் பதின்மூன்று வருஷம்.

இரண்டாம் முறை வெளியே வந்தபோதும் மகனுக்குக் கோபம் முழுசாகத் தணியவில்லை. மகன் பார்வை காயப்படுத்திய இடத்தை அப்பா பார்வை ஆற்றிக்கொண்டே வருகிறது. வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கப்போகிறது. ஒரு கிழவர் இரண்டு கையிலும் மிருதுச்செடிக் கொத்து (மிர்ட்டில் என்ற வாசனைச் செடி) வைத்துக்கொண்டு ஓடுகிறார். "எதற்கு இது?" "ஓய்வுநாளை வரவேற்க." "ஒன்று போதாதா?" "'நினைப்பாயாக' என்பதற்கு ஒன்று, 'ஆசரிப்பாயாக' என்பதற்கு ஒன்று." பத்துக் கட்டளையில் ஓய்வுநாளைப் பற்றி யாத்திராகமத்தில் ஒரு சொல்லும் உபாகமத்தில் வேறொரு சொல்லும் இருக்கிறது, அதைத்தான் கிழவர் சொல்கிறார். அப்பா மகனைப் பார்த்து, "கட்டளைகள் இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பிரியமாக இருக்கிறது பார்" என்கிறார். இருவருக்கும் மனம் ஆறியது.

சஃபேத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் இந்த மிருதுக் கொத்து வாங்கி வருவேன். ஒரே கணுவில் மூன்று இலை வட்டமாக நிற்கிறதா என்று சபா விரலால் தடவிப் பார்ப்பார், கண் சரியாகத் தெரியாது. பிறகு ஒரு இலையைக் கசக்கி முதலில் என் மூக்கிடம் நீட்டுவார். எனக்கு யூகலிப்டஸ் ஞாபகம் வரும், ஆனால் அதைவிட மென்மை. ராத்திரி மேசையைச் சுற்றி இரண்டு கொத்தோடு நடப்பது அந்த ஊர் ஞானி ஒருவர் ஏற்படுத்திய வழக்கம். சபாவுக்கு நடக்க முடியாது. உட்கார்ந்தபடி கையில் பிடித்துக்கொள்வார், நான் சக்கர நாற்காலியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு சுற்றி வருவேன்.

கதை இங்கே முடியவில்லை. பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள், எனக்குப் பிடித்ததே இதற்கப்புறம் வருவதுதான். ஷிமோனின் மருமகன் பின்ஹாஸ் பென் யாயிர் வந்து மாமனாரைக் குளியல் மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறார். உடம்பைத் தேய்த்துவிடும்போது தோலெல்லாம் பிளந்து கிடப்பதைப் பார்க்கிறார். அழுகை வந்துவிடுகிறது. கண்ணீர் வெடிப்புக்குள் விழுந்ததும் மாமனார் வலியில் கத்துகிறார். "ஐயோ, உம்மை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டியதாயிற்றே." "இந்தக் கோலத்தில் பார்த்தது உன் பாக்கியம். இல்லையென்றால் என்னிடம் இருப்பது இருந்திருக்காது" என்கிறார் ஷிமோன். முன்பெல்லாம் ஷிமோன் ஒரு கேள்வி கேட்டால் மருமகன் பன்னிரண்டு விடை சொல்வாராம். குகைக்குப் பிறகு மருமகன் ஒன்று கேட்டால் ஷிமோன் இருபத்துநான்கு விடை சொல்வாராம்.

வயதானவர்களின் வெடித்த தோலைத் துடைத்து மருந்து போட்டுப் பத்து வருஷம் வாழ்ந்தவள் நான். உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். இந்தக் காட்சியை எழுதியவர் ஒரு நோயாளியைக் கையால் தொட்டுக் குளிப்பாட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ரோமன் குளியல் மண்டபத்தைப் பழித்ததற்காக ஒளிந்தவர், கடைசியில் உடம்பு தேற ஒரு குளியல் மண்டபத்துக்குத்தான் போகிறார். இதைச் சொல்லிவிட்டு சபா என் முகத்தையே பார்ப்பார், நான் கவனித்தேனா என்று.

சோகர் என்ற மறைநூலை எழுதியவர் இதே ஷிமோன்தானா?
— ஒரு தமிழாசிரியர், பாளையங்கோட்டை

நூல் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது ஐயா. ஷிமோனும் அவருடைய தோழர்களும் கலிலேயா வழிகளில் நடந்துகொண்டே வேதத்தின் மறைபொருளைப் பேசுவதாக, அரமேய மொழியில் இருக்கிறது. ஆனால் நூல் வெளியே வந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினில். வெளியே கொண்டுவந்தவர் மோசே தெ லியோன் என்ற அறிஞர், 1305இல் காலமானார். அவரும் அவரைச் சேர்ந்த ஒரு வட்டமும் எழுதியது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்களின் பொதுவான கருத்து.

அந்தக் காலத்திலேயே சந்தேகம் வந்திருக்கிறது. ஆக்கோவிலிருந்து வந்த ஈசாக் என்ற ரபி விசாரித்து எழுதிய குறிப்பு இருக்கிறது. மோசே செத்தபின் அவர் குடும்பம் வறுமையில் கிடக்கிறது. ஆவிலா ஊர்ப் பணக்காரர் ஒருவர், மூல ஓலையைக் கொடுத்தால் உன் மகளை என் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று விதவையிடம் சொல்லியனுப்புகிறார். அவள், "அப்படி ஒரு மூலமே கிடையாது, எல்லாம் அவர் தலையிலிருந்து எழுதியது" என்கிறாளாம். ஏன் உங்கள் பெயரில் எழுதக் கூடாது என்று அவள் கேட்டதற்கு, "என் பெயரைப் போட்டால் ஒருத்தரும் காசு தரமாட்டார்கள்" என்று புருஷன் சொன்னானாம். மகளுக்கு நல்ல இடம் வந்தும் ஒரு பொய்யைச் சொல்லி அதைப் பிடித்துக்கொள்ளாத அந்த அம்மாளை நான் அடிக்கடி நினைப்பேன்.

சபாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியும். ஆனாலும் தினமும் ஒரு பக்கம் ராகத்தோடு ஓதுவார். அர்த்தம் முழுக்கத் தெரியாவிட்டாலும் ஓதுவது நல்லது என்று அவருக்குச் சிறுவயதில் மொராக்கோவில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே மெரோன் மலை. ஷிமோனின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. பஸ்காவிலிருந்து எண்ணிவரும் நாட்களில் 33ஆம் நாள் ராத்திரி அங்கே தீ மூட்டுவார்கள். மூன்று வயது ஆண் குழந்தைகளுக்கு முதல் முடி வெட்டுவார்கள். 2021ஆம் வருஷம் அந்தக் கூட்ட நெரிசலில் 45 பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு அந்தப் பக்க ஜன்னலைச் சில நாள் திறக்க வேண்டாம் என்றார் சபா.

விசுவாசத்தை விட்டுப் போன குருவிடம் ஒரு மாணவர் தொடர்ந்து பாடம் கேட்டார் என்று எழுதினீர்கள். அது எப்படி முடியும்?
— இறையியல் மாணவர், மதுரை

தம்பி, சபா அதிகத் தடவை சொன்ன கதை இதுதான்.

நான்கு அறிஞர்கள் பர்தேஸுக்குள் போனார்கள் என்று தொடங்கும். பர்தேஸ் என்றால் பழத்தோட்டம்; இங்கே கடவுளைப் பற்றிய மறைஞானம். பென் அசாய் பார்த்தார், செத்தார். பென் சோமா பார்த்தார், புத்தி பேதலித்தது. எலிஷா பென் அபுயா செடிகளை வெட்டினார், அதாவது விசுவாசத்தை விட்டுப் போனார். அக்கிபா மட்டும் சமாதானத்தோடு வெளியே வந்தார். எலிஷாவுக்கு அப்புறம் பெயரே போயிற்று. அஹேர் என்றார்கள், "வேறொருவன்".

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்குத் தல்முத்திலேயே பல காரணம். ஒன்றைக் கேளுங்கள். அப்பா சொன்னார் என்று ஒரு பையன் மரத்தில் ஏறுகிறான். கூட்டில் தாய்ப்பறவையை விட்டுவிட்டுக் குஞ்சுகளை எடுக்கிறான். பெற்றோரைக் கனம்பண்ணினாலும் ஆயுசு நீளும், தாய்ப்பறவையை விட்டுவிட்டாலும் ஆயுசு நீளும் என்று வேதம் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்த பையன் இறங்கும்போது விழுந்து செத்தான். எலிஷா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்கிறார்கள். பாடப்புத்தகத்தில் படித்த சந்தேகம் இல்லை தம்பி, மரத்தடியில் வந்த சந்தேகம்.

மெயிர் என்ற மாணவர் மட்டும் அவரை விடவில்லை. "மாதுளம்பழம் கிடைத்தது, உள்ளே இருப்பதைத் தின்று தோலைப் போட்டார்" என்று தல்முத் அவருக்காகப் பரிந்து பேசுகிறது. ஒரு ஓய்வுநாள். எலிஷா குதிரைமேல் போகிறார், அதுவே விதிமீறல். மெயிர் பின்னால் நடந்துகொண்டே பாடம் கேட்கிறார். கொஞ்சத் தூரம் போனதும் எலிஷா சொல்கிறார்: "மெயிர், திரும்பிப் போ. குதிரையின் அடியை வைத்து அளந்துகொண்டு வந்தேன், ஓய்வுநாளில் நடக்கலாம் என்ற எல்லை இதோடு முடிகிறது." இரண்டாயிரம் முழம்தான் கணக்கு. மெயிர், "நீங்களும் திரும்பி வாருங்களேன்" என்கிறார். "கடவுள் சந்நிதித் திரைக்குப் பின்னாலிருந்து என் காதில் விழுந்தது: பிள்ளைகளே திரும்புங்கள், அஹேரைத் தவிர" என்கிறார் குரு.

சபா ஆசிரியர் அல்லவா, இந்த இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்துவார். "எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான் பார். தனக்கு அந்தச் சட்டம் வேண்டாம் என்று விட்டவன், பின்னால் நடந்து வருகிற பையனுக்காக அடி அடியாக எண்ணியிருக்கிறான். பாடமும் சொல்லிக்கொண்டு, எண்ணிக்கொண்டும்!" என்பார். முப்பது வருஷம் வகுப்பு எடுத்த மனிதர் குரல் கரகரக்கும்.

எலிஷா செத்தபின் அவரைத் தண்டிக்கவும் முடியவில்லை, இவ்வளவு படித்தவர் என்பதால். மறுமையில் சேர்க்கவும் முடியவில்லை, பாவம் செய்தவர் என்பதால். மெயிருக்கு அது பொறுக்கவில்லை. தண்டனை முடிந்தாவது உள்ளே போகட்டும் என்று, "நான் செத்ததும் அவர் கல்லறையில் புகை எழும்பச் செய்வேன்" என்றார். அப்படியே மெயிர் செத்ததும் புகை வந்தது, தண்டனை தொடங்கியதன் அடையாளம். வருஷங்கள் போயின. யோஹனான் என்ற ரபி, "நம் நடுவே ஒருவர்தான் இப்படி இருந்தார், அவரைக் காப்பாற்ற நமக்கு வழி இல்லையா? நான் செத்ததும் புகையை அணைப்பேன்" என்றார். அவர் செத்த அன்று புகை நின்றது. யோஹனானின் இழவு வீட்டில் ஒருவர், "குருவே, நரகத்தின் வாசற்காவலன்கூட உங்கள் எதிரே நிற்கவில்லை" என்று புலம்பினாராம். ஒரு மாணவர் தொடங்கியதை, அந்த குருவிடம் ஒருநாளும் படிக்காத இன்னொருவர் முடித்துக்கொடுத்திருக்கிறார்.

எப்படி முடியும் என்று கேட்டீர்கள். பின்னால் நடந்துதான்.

களிமண் மனிதன் கோலெம் பற்றி எழுதுங்கள். ரோபோவுக்கு முன்னோடியாமே?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

சபாவுக்கு இதில் ஆர்வம் இல்லை, அதனால் எனக்கும் கொஞ்சமே தெரியும். தல்முத்தில் மூன்று வரிக் கதை: ரபா என்பவர் ஒரு மனிதனை உண்டாக்கி ரபி சேராவிடம் அனுப்புகிறார். சேரா பேச்சுக் கொடுக்கிறார், பதில் இல்லை. "நீ என் தோழர்கள் செய்தது, உன் மண்ணுக்கே போ" என்று அனுப்பிவிடுகிறார். பிற்காலக் கதைகளில் நெற்றியில் 'எமெத்', அதாவது உண்மை என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தை அழித்தால் 'மெத்', செத்தான். உடனே மண்ணாகிவிடும்.

பிராக் நகரத்து ரபி யெகுதா லோவ் செய்தார் என்பதுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் உண்மையான மனிதர், பெரிய அறிஞர், 1609இல் காலமானார். ஆனால் கோலெம் கதை அவர்மேல் ஏறியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதை ஊரறியப் பரப்பியது யூதல் ரோசன்பெர்க் என்ற ரபி 1909இல் வெளியிட்ட கதைநூல். அவருக்கு முன்பே போலந்தில் கெல்ம் ஊர் எலியா என்ற ரபியைப் பற்றி இதே கதை இருந்திருக்கிறது. உங்கள் படிப்புக்கு ஒரு செய்தி: இஸ்ரேலில் ரெகோவோத் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் அமைத்த ஒரு கணினிக்குக் 'கோலெம் ஆலெஃப்' என்று பெயர் வைத்தார்கள்.

இப்படி ஒரு யூத ஞானி நமக்குப் பக்கத்தில் யாராவது உண்டா?
— ஒரு வாசகர், தென்காசி

கொச்சியில் உண்டு. நெகேமியா மோத்தா என்ற மறைஞானி, எபிரேயக் கவிஞர். ஏமனிலிருந்து வந்தவர் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் கல்லறை மட்டாஞ்சேரிப் பக்கம் இருக்கிறது. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஊர் திரும்பிய வருஷம் நானும் போய் சபா பெயரைச் சொல்லி ஒன்று ஏற்றினேன்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும். அற்புதம் அதிகம் இல்லாமல் இருந்தால் நல்லது.
— ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

ரொட்டிக் கதையைச் சொல்லுங்கள் அம்மா. சஃபேத்திலேயே நடந்ததாகச் சொல்வது.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்களைத் துரத்தினார்கள். அங்கிருந்தும் போர்த்துகல்லிலிருந்தும் தப்பி வந்த பல குடும்பங்கள் இந்த மலைமேல் குடியேறின. கம்பளி நெசவு நன்றாக நடந்த காலம். சட்ட அறிஞர் யோசேப்பு காரோ முதல் எத்தனையோ பெரியவர்கள் இங்கே இருந்தார்கள். 1570இல் எகிப்திலிருந்து ஈசாக் லூரியா வந்தார். 'ஆரி', சிங்கம் என்பார்கள். மிருதுக் கொத்தோடு மேசையைச் சுற்றும் வழக்கம் அவருடையதுதான். 1572இல் கொள்ளைநோயில் 38 வயதில் போய்விட்டார். இருந்தது இரண்டு வருஷம், கதைகளோ கணக்கில்லை.

போர்த்துகல்லிலிருந்து வந்த ஒரு எளிய மனிதர். அங்கே ரகசிய யூதராகவே வாழ்ந்ததால் வேதம் அதிகம் தெரியாது. ஒருநாள் ரபி பிரசங்கத்தில், எருசலேம் தேவாலயத்தில் முன்பு கடவுள் சந்நிதியில் சமுகத்தப்பம் என்ற ரொட்டி வைப்பார்கள், இப்போது அது இல்லையே என்று வருந்துகிறார். இவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறார்: "வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு அப்பம் சுட்டுக் கொடு. மாவைப் பதின்மூன்று முறை சலிக்க வேண்டும்." அப்பத்தை ஜெப ஆலயத்தில் வேதச்சுருள் வைக்கும் பேழை முன்னால் வைத்து, ஏற்றுக்கொள்ளும் என்று குழந்தை போலக் கெஞ்சிவிட்டுப் போவார். அப்புறம் ஆலயப் பணியாள் வருவான், யாரோ வைத்த ரொட்டி என்று எடுத்துப்போவான். ராத்திரி ஜெபத்துக்கு வந்து பார்த்தால் அப்பம் இருக்காது. வீட்டுக்கு ஓடி, "ஏற்றுக்கொண்டார்!" என்பார். மனைவிக்கும் சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை ரபி பிரசங்கத்தைப் பழகிக்கொண்டு ஆலயத்திலேயே நின்றுவிட்டார். இவர் கெஞ்சுவதைக் கேட்டு, "மூடனே, கடவுள் சாப்பிடுவாரா? பணியாள் தின்கிறான்" என்று திட்டினார். பணியாளும் வந்து ஒத்துக்கொண்டான். அந்த மனிதர் அழுதுகொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஆரியிடமிருந்து ரபிக்கு ஆள் வந்தது: "வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள். நாளைக்குப் பிரசங்க நேரத்தில் சாவாய். தேவாலயம் இடிந்த நாளிலிருந்து கடவுளுக்கு இதுபோல ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. அதை நீ நிறுத்திவிட்டாய்." அப்படியே நடந்தது.

சிறு பிள்ளைகளுக்கு ரபி செத்ததைச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். நான் எங்கள் ஊரில் சொல்லியிருக்கிறேன், பயப்படவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் அந்த அம்மாள் அடுத்த வெள்ளிக்கிழமை அப்பம் சுட்டாளா என்றுதான். கதையில் அது இல்லை, இல்லை என்றே சொல்லிவிடுங்கள். போகும்போது ஒரு சல்லடையும் கால் கிலோ கோதுமை மாவும் எடுத்துப்போங்கள். பதின்மூன்று முறை சலிப்பது எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளே சலித்துப் பார்க்கட்டும். எங்கள் வகுப்பில் ஏழாவது தடவைக்கே கை மாற்றிக்கொண்டார்கள்.